பங்கிடப் பிறந்த எண்கள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயத்தோடு தொடர்புடைய பொருளொன்றைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயற்குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். எண்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று நாம் சொன்னதும் அவர்களில் ஒருவர், "இது விழா மேடையப்பா, வகுப்பறை அல்ல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும் நம் சமய நூல்களிற் காணப்படும் அளவுக்குப் பேரெண்கள் வேறெங்கும் மலிந்து கிடப்பதாய் நாம் அறியோம். யுகக் கணக்கை எடுத்தாலும் சரி, பாரதப் போரின் படைக் கணக்கை எடுத்தாலும் சரி, இலட்சத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை.

அந்த எண்களைக் குறித்து நம் மன்றத்தில் அடிக்கடி ஒரு வழக்கு எழுகிறது. இளைஞர்களிற் சிலர், "நாற்பத்து மூன்று இலட்சம் ஆண்டு, நானூற்று முப்பத்திரண்டு கோடி ஆண்டு என்றெல்லாம் எழுதியவர்கள் வாய்க்கு வந்ததை எழுதினார்கள்" என்கிறார்கள். பெரியோரிற் சிலர், "மேனாட்டார் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டு எழுதிவைத்தார்கள்" என்கிறார்கள். இரு பக்கத்தாரும் குரலை உயர்த்துகிறார்களே அன்றி, அந்த எண்ணை எடுத்து ஒருமுறையேனும் வகுத்துப் பார்த்ததாக நமக்குத் தெரியவில்லை. நாமும் எண்கணிதத்தை மிஷன் பாடசாலையிலே கற்றோம். யுகக் கணக்கைக் கோயில் மண்டபத்திலே கேட்டோம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார் என்று நமக்கு எவரும் சொல்லவில்லை. இன்று அதைத்தான் செய்யப்போகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. கரைவலை இழுத்து முடிந்ததும் மணலிலே மீனைக் கூறு போட்டுப் பங்கிடுவதை இங்குள்ள எல்லாரும் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு பெட்டி மீன் கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். பெட்டியை உடைக்காமல் அதை இரண்டு பேருக்குப் பங்கிடலாம். மூன்று பேருக்கும், நாலு பேருக்கும், ஆறு பேருக்கும், பன்னிரண்டு பேருக்கும் பங்கிடலாம். ஒருவரே எல்லாவற்றையும் கொண்டு போகவும் செய்யலாம். ஆக ஆறு வழி. இன்னொரு பெட்டி கூடுதலாகக் கிடைத்துப் பதின்மூன்று ஆகிவிட்டால்? ஒருவர் எடுக்கலாம், அல்லது பதின்மூன்று பேர் எடுக்கலாம். வேறு வழி கிடையாது. மீன் கூடியது, பங்கிடும் வசதி குறைந்தது. எண்ணின் பருமன் வேறு, அது பங்குக்கு இடங்கொடுக்கும் தன்மை வேறு. இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்டால் இன்றைய பேச்சிற் பாதி முடிந்தது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களைக் காரணிகள் என்று பாடசாலையிற் படிக்கிறோம். காரணிகள் எத்தனை என்று அறிய ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவேண்டியதில்லை. எண்ணை முதன்மை எண்களாக உடைத்தாற் போதும். 12 என்பது 2×2×3. இரண்டுகள் இரண்டு இருப்பதால், காரணியொன்றில் இரண்டு இல்லாமலிருக்கலாம், ஒன்று இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். அது மூன்று வகை. மூன்று இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம். அது இரண்டு வகை. மூன்றை இரண்டாற் பெருக்க ஆறு. எத்தனை பெரிய எண்ணானாலும் விதி இதுவே: ஒவ்வொரு முதன்மைக் காரணியின் சுட்டியோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றையெல்லாம் பெருக்கவேண்டும்.

இனிப் பாரதத்துக்கு வருவோம். உடப்பிலே திரௌபதை அம்மனுக்கு ஆடி மாதத்திலே விழா எடுத்துத் தீமிதிக்கும் கரையைச் சேர்ந்த நமக்குப் பதினெட்டு அக்குரோணிச் சேனை என்பது புதிய சொல் அன்று. பாண்டவர் பக்கம் ஏழு, கௌரவர் பக்கம் பதினொன்று. ஓர் அக்குரோணி என்பது எவ்வளவு? தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 109,350. எல்லாம் சேர்த்து 218,700. இந்த எண்ணை வாயால் மட்டும் சொன்னால் ஏதோ மனம்போன போக்கில் எழுதியதுபோலத்தான் தோன்றும். உடைத்துப் பாருங்கள். 21,870 என்பது பத்து மடங்கு 2,187. அந்த 2,187 என்பது மூன்றை ஏழுமுறை வைத்துப் பெருக்கியது. மூன்றின் ஏழாம் வலு.

அது தற்செயல் அல்ல. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம். மூன்று சேனாமுகம் ஒரு குல்மம். மூன்று குல்மம் ஒரு கணம். அவ்வாறே வாகினி, பிருதனை, சமூ, அனீகினி என்று மும்மூன்றாய் ஏறிச் செல்லும். கடைசியில் மட்டும் பத்து அனீகினி ஓர் அக்குரோணி. அதாவது எந்த மட்டத்திலும் தலைவன் ஒருவன் தன் படையை மூன்றாகப் பிரித்து, இடப்பக்கம், வலப்பக்கம், நடு என்று குறைவின்றி நிறுத்தலாம். அவ்வளவு பெரிய சேனை குருக்ஷேத்திரத்தில் உண்மையாகவே நின்றதா என்பது வரலாற்றாசிரியர் ஆராயவேண்டிய கேள்வி. அதற்குள் நாம் போகவில்லை. அந்த எண்ணை எழுதியவர் வாய்க்கு வந்ததை எழுதவில்லை என்பது மட்டும் எண்ணின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்தது யுகக் கணக்கு. கலியுகம் 432,000 ஆண்டு. அதன் இரு மடங்கு துவாபரம், மும்மடங்கு திரேதம், நான்மடங்கு கிருதம். நான்கும் சேர்ந்த சதுர்யுகம் 4,320,000 ஆண்டு. ஆயிரம் சதுர்யுகம் பிரமனுக்கு ஒரு பகல். அதுவே கற்பம், 432 கோடி ஆண்டு.

இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் ஓர் அதிசயத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். இந்த எண்களின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதோ பதினெட்டோ வருகிறது, ஆகவே இவை தெய்வீக எண்கள் என்று துண்டுப் பிரசுரங்களிற் கூட எழுதுகிறார்கள். ஒன்பதால் மீதியின்றி வகுபடும் எந்த எண்ணுக்கும் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதாலே வகுபடும். கடைக்காரரின் பற்றுச்சீட்டிலே 432 ரூபாய் என்று இருந்தாலும் கூட்டுத்தொகை ஒன்பதுதான். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் விளையும் பலன் அது. இதைவிட நல்ல அதிசயங்கள் அந்த எண்ணுக்குள் இருக்க, இதற்குப்போய் ஏன் கைதட்டவேண்டும்?

சதுர்யுக எண்ணை உடைத்தால் இரண்டின் எட்டாம் வலு, மூன்றின் மூன்றாம் வலு, ஐந்தின் நாலாம் வலு ஆகிய மூன்றின் பெருக்கம் வரும். சுட்டிகள் 8, 3, 4. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 9×4×5, அதாவது 180 காரணிகள். 2, 3, 5 என்ற மூன்று முதன்மை எண்களைத் தவிர நாலாவது ஒன்று இதில் இல்லவே இல்லை. ஏன் இப்படி ஓர் எண்ணைத் தேர்ந்தார்கள்?

விடை வானநூலில் இருக்கிறது. ஆரியபடர் கி.பி. 476-இல் பிறந்தவர். கலியுகத்திலே அறுபது அறுபதுகளாக 3,600 ஆண்டு கழிந்தபோது தமக்கு வயது இருபத்து மூன்று என்று அவரே தம் நூலிற் குறித்திருக்கிறார், அது கி.பி. 499. இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் பலரின் வயதுதான். அவர் ஒரு சதுர்யுகத்திலே சூரியன் 4,320,000 முறையும், சந்திரன் 57,753,336 முறையும், வியாழன் 364,224 முறையும், சனி 146,564 முறையும் வானவட்டத்தைச் சுற்றிவருவதாகக் கணக்கிட்டார். அதே காலத்தில் நாட்கள் 1,577,917,500. ஒன்றிலும் பின்னம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தசமப் புள்ளி வழக்கிற்கு வராத காலம் அது. ஆண்டொன்றுக்கு இத்தனை நாள், இத்தனை நாழிகை, இத்தனை விநாடி, அதற்கும் கீழே இத்தனை தற்பரை என்று பின்னத்துக்குள் பின்னமாக எழுதுவதற்குப் பதிலாக, எல்லாக் கிரகங்களும் முழுச் சுற்றுக்களாக அமையத்தக்க ஒரு நெடுங்காலத்தை எடுத்துக்கொண்டு, வேண்டியபோது அதை வகுத்துக்கொண்டார்கள். பேரெண் அங்கே வியப்பூட்டுவதற்காக வைக்கப்படவில்லை. பின்னத்தை ஒழிப்பதற்காக வைக்கப்பட்டது.

வகுத்துப் பார்த்தால் பலன் உடனே தெரியும். 1,577,917,500-ஐ 4,320,000-ஆல் வகுக்க, 365 நாளும் ஒரு நாளின் 576-இல் 149 பங்கும் வரும். நாழிகையாக மாற்றினால் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. வாக்கிய பஞ்சாங்கம் கணிப்போர் கையாளும் ஆண்டின் அளவு இதுவே. பஞ்சாங்கத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூசிக்கும் வீடுகள் உண்டு. அதற்குள் இந்த வகுத்தற் கணக்கு இருக்கிறதென்று அறிந்தவர்கள் எத்தனை பேரோ! சனியின் சுற்றையும் பாருங்கள். 4,320,000-ஐ 146,564-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. பன்னிரண்டு இராசியில் மூன்றைக் கடக்க ஏழு ஆண்டும் நாலரை மாதமும்தான் ஆகும். ஏழரைச் சனியிலே ஒன்றரை மாதம் நமக்கு இலாபம்.

ஆனால், இந்த எண்ணை முன்னோர் எல்லாரும் ஒரே வகையாகக் கையாளவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆரியபடர் சதுர்யுகத்தை 4:3:2:1 என்று பிரிக்கவில்லை. நாலு சம பங்காக, ஒவ்வொன்றும் 1,080,000 ஆண்டாகப் பிரித்தார். அவருக்கு நூறாண்டுக்கு மேற்பட்டுப் பின்வந்த பிரமகுப்தர் இதற்காக அவரைக் கண்டித்தார். "நம் முன்னோர் சொன்னது" என்று ஒருமையிலே பேசுவோர் இதையும் நினைவிற் கொள்வது நல்லது.

"மேனாட்டார் கண்டதை அன்றே கண்டார்கள்" என்ற பேச்சுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 1956-இல் கிளெயர் பாற்றர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று காட்டினார். அது 432 கோடிக்கு அண்மையில் இருப்பதால், கற்பக் கணக்கு மெய்ப்பிக்கப்பட்டது என்கிறார்கள். ஆனால் நாம் சங்கற்பம் செய்யும்போது என்ன சொல்கிறோம்? நடப்பது சுவேதவராக கற்பம், ஏழாவதாகிய வைவசுவத மன்வந்தரம், அதில் இருபத்தெட்டாவது கலியுகம் என்கிறோம். அந்தக் கணக்கின்படி கற்பம் தொடங்கிச் சென்றது சுமார் 197 கோடி ஆண்டே. பிரமனின் பகல் இன்னும் உச்சிக்குக்கூட வரவில்லை. ஒப்பிடுவதானால் 455-ஐ 197-ஓடு ஒப்பிடவேண்டுமே தவிர, முடியாத கற்பத்தின் முழு நீளத்தோடு ஒப்பிடலாகாது. நம் சங்கற்பத்தை நாமே கருத்தூன்றிக் கேட்டிருந்தால் இந்தத் தவறான பெருமை எழுந்திராது.

சரி, பங்கிடும் தன்மையிலே சதுர்யுக எண் எவ்வளவு சிறந்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டுமானால் கும்பகோணத்துக்குப் போகவேண்டும்.

சீனிவாச இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிலே பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாய்க் கொண்ட குடும்பத்தவர். கணிதம் தவிர்ந்த பாடங்களிலே தேறாமல் கல்லூரிப் படிப்பை இழந்து, 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்திலே எழுதுவினைஞராய்ச் சேர்ந்து, 1913 சனவரியிலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, 1914 மார்ச்சிலே கப்பலேறிய வரலாறு யாவரும் அறிந்ததே. வாடகைக் காரின் 1729 என்ற எண்ணைப் பற்றிய கதையையும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதை நாம் மீண்டும் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: அதற்கு முந்திய எண் 1728 என்பது பன்னிரண்டின் கனம்; கிருதயுகத்தின் 1,728,000 ஆண்டு என்பது 120-இன் கனம். கார்க் கதையைச் சொல்வோர் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டிலே இராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது அந்த ஆராய்ச்சிக்காகவே. கட்டுரையின் பொருள் நம் கரைவலைக் கணக்குத்தான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்கள் எவை என்பதே அவர் எழுப்பிய கேள்வி. காரணிகள் பல உடைய எண்ணைச் சேர்த்தி எண் என்பது பாடசாலை வழக்கு. ஆகவே இவற்றைப் பெருஞ்சேர்த்தி எண்கள் என்று இங்கே வழங்குவோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று அந்த வரிசை செல்லும். நாளொன்றுக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு அறுபது விநாடி, வட்டத்துக்கு 360 பாகை, நாளுக்கு 24 மணி, இராசி பன்னிரண்டு எல்லாம் இதிலே இருக்கின்றன. இருபத்தேழு நட்சத்திரம் இதில் இல்லை. அது சந்திரனின் ஓட்டத்தைப் பார்த்து எழுதிய எண். 108-உம் இதில் இல்லை. அதற்கு 12 காரணிகள். 60-க்கே 12 உண்டு. அதனால் 108-இன் சிறப்புக் குறைந்துவிடாது. 27 நட்சத்திரத்துக்கு நாலு நாலு பாதமாக அது வேறு வழியில் வந்த எண்.

கிரேக்க ஞானி பிளேற்றோ தம் சட்டங்கள் என்ற நூலிலே நல்ல நகரமொன்றுக்கு 5,040 குடிகள் வேண்டும் என்று சொன்னார். காரணம், ஒன்று முதற் பத்துவரை எல்லா எண்ணாலும் அது வகுபடும். காணியையும் கடமையையும் சச்சரவின்றிப் பங்கிடலாம். 60 காரணிகளை உடைய அந்த 5,040-உம் இராமானுஜன் வரிசையில் இருக்கிறது. பங்கீட்டுச் சச்சரவுக்கு எண்ணிலே மருந்து தேடியவர்கள் எல்லாக் கரையிலும் இருந்திருக்கிறார்கள்.

இந்த எண்களின் அமைப்பைப் பற்றி இராமானுஜன் நிறுவியவற்றிலே எளிதான ஒன்றைச் சொல்வோம். பெருஞ்சேர்த்தி எண்ணை உடைத்தால், சிறிய முதன்மை எண்ணின் சுட்டி ஒருபோதும் பெரியதன் சுட்டியை விடக் குறையாது. ஏன்? 18-ஐ எடுங்கள்: ஒரு 2, இரண்டு 3. காரணிகள் 6. சுட்டிகளை இடம் மாற்றி இரண்டு 2, ஒரு 3 என்று வைத்தால் 12 வருகிறது. அதற்கும் காரணிகள் 6. சிறிய எண்ணே அந்தப் பெருமையைக் கொண்டுவிட்டதால் 18 தோற்றது. இனிச் சதுர்யுக எண்ணின் சுட்டிகள் 8, 3, 4 என்பதை நினையுங்கள். மூன்றின் சுட்டியை விட ஐந்தின் சுட்டி பெரிதாக இருக்கிறது. ஆகவே அது பெருஞ்சேர்த்தி எண் அன்று. 180 காரணிகள் வேண்டுமானால் 277,200 என்ற சிறிய எண்ணே போதும்.

இன்னும் ஒன்று. இதைக் கண்டபோது நாம் ஓரிரவு உறங்கவில்லை. 4,320,000 என்பது ஆயிரம் 4,320. அதோடு இன்னொரு 4,320-ஐக் கூட்டினால் 4,324,320 வரும். அது ஆயிரத்தொரு 4,320. இந்த எண் இராமானுஜனின் பெருஞ்சேர்த்தி எண்களில் ஒன்று! 1,000 என்பதில் 2-உம் 5-உம் தவிர வேறில்லை. 1,001 என்பதோ 7×11×13. சதுர்யுகத்திலே இல்லாத மூன்று முதன்மை எண்களும் ஒரேயடியாக உள்ளே வந்துவிடுகின்றன. காரணிகள் 180-இலிருந்து 384 ஆகின்றன. பிரமனின் பகலாகிய 432 கோடியை உடைத்துப் பாருங்கள்: 2-இன் சுட்டி 11, 3-இன் சுட்டி 3, 5-இன் சுட்டி 7, காரணிகள் 12×4×8, அதுவும் 384. சதுர்யுகத்தை ஆயிரத்தாற் பெருக்கி எட்டிய இடத்தை, ஆயிரத்திலொரு பங்கைக் கூட்டியே எட்டிவிடலாம். பாண்டவரின் ஏழு அக்குரோணியையும் கௌரவரின் பதினொன்றையும் போல, 7-உம் 11-உம் இருந்தால்தான் போர் நிறைவெய்தும் போலும்!

அப்படியானால் முன்னோர் பிழைபட்டார்களா? இல்லை. அவர்களுக்கு வேண்டியது கடைசியில் பூச்சியங்கள் வரிசையாய் நிற்கும் எண். பத்தாற் பெருக்குவதும் வகுப்பதும் ஓலையிலே எளிது. இராமானுஜனுக்கு அந்த வசதி ஒரு பொருட்டன்று. பங்கிடும் தன்மையை மட்டுமே அவர் நிறுத்தார். ஒன்று தொழிலுக்கு ஆக்கிய எண், மற்றது அறிவுக்கு ஆக்கிய எண். ஒன்றை மற்றதன் அளவுகோலால் இகழ்வது அநீதி.

இராமானுஜன் தம் கட்டுரையிலே பெருஞ்சேர்த்தி எண்களின் அட்டவணை ஒன்றைத் தந்தார். நூறளவான எண்கள், கணிப்பொறி இல்லாத காலத்திலே கையாற் கணித்தவை. அட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. நம் வழக்கிற் சொன்னால் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. 2-இன் சுட்டி 6, 3-இன் சுட்டி 4, 5-க்கும் 7-க்கும் சுட்டி 2, பின்பு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. நாம் சொன்ன விதிப்படி 7×5×3×3×2×2×2×2×2, காரணிகள் 10,080. அந்த 10,080-உம் தானே ஒரு பெருஞ்சேர்த்தி எண்; ஒரு வாரத்திலுள்ள நிமிடங்களின் தொகையும் அதுவே.

அத்தகைய அட்டவணையிலே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 240,940,299,600 என்ற எண்ணுக்கு 4,800 காரணிகள். 321,253,732,800 என்ற எண்ணுக்கு 5,376 காரணிகள். இவ்விரண்டுக்கும் இடையே 293,318,625,600 என்ற எண் 5,040 காரணிகளோடு நிற்கவேண்டும். அட்டவணையில் அது இல்லை. அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது இந்த விடுபட்ட எண்ணே! கடைசிப் படியை எழுதியவர் அதற்குள்ளேயே அடங்கியிருந்த இன்னொரு படியைக் கடந்து போய்விட்டார். பின்வந்தோர் திரும்பக் கணக்கிட்டே அதைக் கண்டார்கள். இன்று கணிப்பொறியொன்று கண்ணிமைக்கும் நேரத்திற் காட்டிவிடும். அதனாலே இராமானுஜனின் புகழில் எள்ளளவும் குறையவில்லை. நாமகிரித் தாயார் கனவிலே சூத்திரங்களை அருளினாள் என்று அவரே நண்பர்களிடம் சொன்னதுண்டு. அருளாகவே இருக்கட்டும், அருளப்பெற்றதையும் யாரோ ஒருவர் பென்சிலெடுத்துச் சரிபார்க்கத்தான் வேண்டியிருந்தது.

அந்தக் கட்டுரை முழுமையாக அப்போது வெளிவரவில்லை என்பதும் பலர் அறியாதது. கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. இராமானுஜன் 1918-இல் ரோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். நோயோடு ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையிலே முப்பத்து மூன்று வயது நிறையுமுன் காலமானார். அச்சேறாத பகுதியை நிக்கொலா, ரொபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் இருவர் குறிப்புகளோடு வெளியிட்டது 1997-இல். எழுதியதற்கும் முழுதாய் வாசிக்கப்பட்டதற்கும் இடையே எண்பத்திரண்டு ஆண்டு. நம் ஊர்க் கோயில்களிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் ஏடுகளையும் கணக்குக் கொப்பிகளையும் விறகோடு சேர்த்து எரிப்பவர்கள் இதைச் சற்று நினைக்கவேண்டும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நாம் கவனிக்கிறோம். முடித்துவிடுகிறோம். மன்ற வாசிகசாலையின் கரும்பலகை விழா முடியும்வரை அழிக்கப்படாது என்று செயலாளர் உறுதி தந்திருக்கிறார். அதிலே இராமானுஜனின் கடைசி எண்ணை உடைத்து எழுதி வைத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு 3-ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்திலே இரண்டு 2-களை வையுங்கள். வருவது 8,995,104,518,400, அவருடைய அட்டவணை நின்ற இடத்துக்கு அடுத்த பெருஞ்சேர்த்தி எண் அது. அதற்குக் காரணிகள் எத்தனை என்பதை நாம் பலகையில் எழுதவில்லை. வெண்கட்டி பலகையின் கீழே இருக்கிறது.